ஹாப்கின்ஸா, ஆஸ்டினா, டாலஸா? டாக்டராக விரும்பும் பிள்ளைக்கு இளநிலைக் கல்லூரி

கேள்வி: டெக்சாஸில், டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். நானும் மனைவியும் ஐடி வேலை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள், டாக்டராக வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது, ஆனால் நிதியுதவி ஒரு டாலர்கூட இல்லை. ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலும் இடம் உண்டு. யூடி டாலஸ் (டாலஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம்) கல்விக் கட்டணம் முழுவதற்கும் ஸ்காலர்ஷிப் தருகிறது. மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும் பிரீ-மெட் மாணவிக்கு எங்கே நல்ல வாய்ப்பு? மே 1க்குள் முடிவு சொல்ல வேண்டும்.

பதில்: சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீங்கள் தந்த விவரங்களை வைத்துப் பார்த்தால் என் முதல் தேர்வு யூடி டாலஸ், அடுத்தது ஆஸ்டின், கடைசியில்தான் ஹாப்கின்ஸ். இதைப் படித்ததும் உங்கள் வீட்டில் ஒரு சத்தம் எழும் என்று தெரியும். பிரீ-மெட் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. ஏப்ரல் பிறந்தால் நம் குடும்பங்களிலிருந்து இதே கேள்விதான் வருகிறது, இந்தப் பதிலைக் கேட்டதும் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. அதனால் காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஊரில் ப்ளஸ் டூ முடித்து நீட் எழுதினால் நேராக எம்பிபிஎஸ். இங்கே முதலில் நான்கு வருட இளநிலைப் பட்டம், அப்புறம் நான்கு வருட மருத்துவக் கல்லூரி, அதற்கு மேல் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி. பிரீ-மெட் என்று தனியாக ஒரு பட்டம் கிடையாது. எதை மேஜராக (முதன்மைப் பாடமாக) எடுத்தாலும் சரி, உயிரியல், பொது வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல், பயோகெமிஸ்ட்ரி, கொஞ்சம் கணிதமும் ஆங்கிலமும் முடித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். இந்தப் பாடங்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஹாப்கின்ஸில் பென்சீன் வளையத்துக்கு ஏழாவது கார்பன் முளைப்பதில்லை.

சமீப வருடங்களில் எம்டி (ஊர் எம்பிபிஎஸ்ஸுக்கு ஈடான இங்குள்ள பட்டம்) தரும் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆண்டுக்கு 52,000 பேரைச் சுற்றி விண்ணப்பிக்கிறார்கள், சேர்கிறவர்கள் சுமார் 23,000 பேர். சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் மதிப்பெண் புள்ளி) 3.8ஐ ஒட்டி இருக்கிறது. எம்கேட் நுழைவுத் தேர்வில் 528க்கு 512ஐ ஒட்டி. விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும் குழு முதலில் பார்ப்பது இந்த இரண்டு எண்களைத்தான். எந்தக் கல்லூரி என்பதையும் பார்ப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 3.4 வாங்கியவரை நல்ல பெயருள்ள கல்லூரி 3.8 ஆக்கிவிடாது. பொறியியலிலோ வங்கி வேலையிலோ பெயருக்குக் கிடைக்கிற மரியாதையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

ஜிபிஏ கணக்கைப் பெற்றோர் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. நான் போட்டுக் காட்டுகிறேன். முதல் வருடம் 30 கிரெடிட் (பாடங்களின் எடையை அளக்கும் அலகு). புது ஊர், புது ஹாஸ்டல், கெமிஸ்ட்ரியில் ஒரு சி, கால்குலஸில் ஒரு பி-மைனஸ், மொத்தம் 3.2 என்று வைத்துக்கொள்வோம். நான்காம் வருடம் முடிந்ததும் தாமதமில்லாமல் மருத்துவம் சேர வேண்டுமானால், மூன்றாம் வருடம் முடிந்த கையோடு, மே ஜூன் மாதத்தில், விண்ணப்பம் போக வேண்டும். அப்போது கையில் 90 கிரெடிட் இருக்கும். இடைப்பட்ட இரண்டு வருடமும் ஒரு பாடம் விடாமல் ஏ வாங்கினாலும் மொத்தம் 3.73தான் வரும். 3.8ஐத் தொட மீதி 60 கிரெடிட்டில் 4.1 வேண்டும். நான்குக்கு மேல் யாரும் தர மாட்டார்கள். அறிவியல் பாடங்களுக்கு மட்டும் தனி ஜிபிஏ வேறு கணக்கிடுகிறார்கள், அங்கே அந்த சி இன்னும் பளிச்சென்று தெரியும்.

ஆக, முதல் வருடக் கெமிஸ்ட்ரி வகுப்பில் உங்கள் மகளுக்கு அருகே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது முக்கியமாகிவிடுகிறது. கர்வ் போட்டு, அதாவது மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு, மதிப்பெண் தரும் வகுப்பில் 40 சதவீதம் பேருக்குத்தான் ஏ அல்லது பி என்றால், எதிரே இருப்பவர்கள் எல்லோரும் அவரவர் பள்ளியில் முதல் மாணவர்கள். பிரின்ஸ்டன் 2004இல் ஏ மதிப்பெண்களை 35 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்லி ஒரு விதியே போட்டது. பத்து வருடம் இழுத்துவிட்டு 2014இல்தான் கைவிட்டது. ஹாப்கின்ஸில் முதல் செமஸ்டர் மதிப்பெண்ணை டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) காட்டாமல் மூடிவைக்கும் வழக்கம் பல காலம் இருந்தது, பிள்ளைகள் காலூன்ற அது உதவியது. 2017இல் அதை எடுத்துவிட்டார்கள். எம்ஐடியில் இன்றும் முதல் செமஸ்டரில் ஃபெயில் ஆனால் வெளியே தெரியாது. இப்படிப்பட்ட சின்ன விதிகள், தரவரிசைப் பட்டியலைவிட ஒரு பிரீ-மெட் பிள்ளையின் வாழ்க்கையைத் திருப்பும்.

சரி, "எங்கள் மாணவர்களில் 85 சதவீதம் பேருக்கு மருத்துவக் கல்லூரியில் இடம்" என்று பல கல்லூரிகள் சொல்கின்றனவே, அது? கேம்பஸைச் சுற்றிக் காட்டும் நாளில் புன்னகையோடு சொல்வார்கள். நீங்களும் புன்னகையோடு ஒரு கேள்வி கேளுங்கள்: முதல் வருடம் பிரீ-மெட் என்று சொல்லிச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் கடைசியில் விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர்? சில கல்லூரிகளில் 'கமிட்டி லெட்டர்' என்ற ஏற்பாடு உண்டு. பேராசிரியர்கள் தனித்தனியே சிபாரிசுக் கடிதம் அனுப்புவதற்குப் பதிலாகக் கல்லூரிக் குழு ஒன்றே மாணவரை மதிப்பிட்டுக் கடிதம் எழுதும். நல்ல குழு அமைந்தால் பெரிய பலம். ஆனால் சில இடங்களில், தேறாது என்று தோன்றும் மாணவருக்குக் கடிதமே தர மாட்டார்கள், அல்லது அடுத்த வருடம் பார்த்துக்கொள் என்று பேசி அனுப்பிவிடுவார்கள். விண்ணப்பிக்காதவர் கணக்கில் வர மாட்டார், சதவீதம் ஏறிக்கொண்டே போகும். ஐநூறு பேர் ஆரம்பித்து நூறு பேர் விண்ணப்பித்து எண்பத்தைந்து பேருக்கு இடம் கிடைத்தால் அதுவும் 85 சதவீதம்தான்.

இனி வாய்ப்புகள். மருத்துவமனை அனுபவம், ஆராய்ச்சி, பேராசிரியர் கடிதம், இந்த மூன்றையும்தான் அப்படிச் சொல்கிறோம்.

மருத்துவமனை விஷயத்தில் முதலில் வரைபடத்தைத் திறங்கள். கார்னெல் பெயரில் புகழ்பெற்ற மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆனால் அது நியூயார்க் நகரத்தில். உங்கள் பிள்ளை நான்கு வருடம் படிக்கப் போவது நாலு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்ய வேண்டிய இத்தாக்காவில். பென் ஸ்டேட்டின் மருத்துவக் கல்லூரி ஹெர்ஷியில், முதன்மைக் கேம்பஸ் மலை தாண்டி எங்கோ. இன்னொரு பக்கம், ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் வாசலில் மெயின் தெருவைக் கடந்தால் டெக்சாஸ் மெடிக்கல் சென்டர், உலகின் மிகப் பெரிய மருத்துவ வளாகம். பிட்ஸ்பர்க்கில் வகுப்பும் மருத்துவமனையும் ஒரே பேட்டையில். ஃபிலடெல்ஃபியாவில் பென் பல்கலைக்கழகமும் அப்படித்தான். ஹாப்கின்ஸில் ஹோம்வுட் கேம்பஸிலிருந்து கிழக்கு பால்டிமோர் மருத்துவமனைக்குப் பல்கலைக்கழகத்தின் ஷட்டில் பஸ்ஸே ஓடுகிறது.

பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, வரிசையையும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட மருத்துவ விண்ணப்பதாரர்களை யூசிஎல்ஏ ஒன்றே அனுப்புகிறது. மருத்துவமனை கேம்பஸிலேயே இருக்கிறது, ஆனால் அங்கே தன்னார்வலராகச் சேர விரும்பும் பிள்ளைகளின் கூட்டமும் அதே கேம்பஸில்தான் இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் தன்னார்வலர் வேலை என்பது பல சமயம் வரவேற்பு மேஜையில் வழி சொல்வதோடு முடிந்துவிடும். நேர்காணலில் "நோயாளியோடு பேசிய ஒரு அனுபவம் சொல்லுங்கள்" என்று கேட்டால் அது கை கொடுக்காது.

அதைவிடப் பலன் தருவது சம்பளத்துக்குச் செய்யும் வேலைகள். மெடிக்கல் ஸ்க்ரைப் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். எமர்ஜென்சி பிரிவில் டாக்டருக்குப் பின்னாலேயே லேப்டாப்போடு நடந்து, நோயாளி சொல்வதையும் டாக்டர் கண்டுபிடிப்பதையும் அங்கேயே பதிவு செய்ய வேண்டும். "நெஞ்சு வலி" என்று வந்தவரிடம் டாக்டர் எந்த வரிசையில் கேள்வி கேட்கிறார், எப்போது அமைதியாக இருக்கிறார், குடும்பத்திடம் கெட்ட செய்தியை எப்படிச் சொல்கிறார், எல்லாம் ஒரே ஷிஃப்டில் பார்த்துவிடலாம். இல்லையென்றால் ஆம்புலன்ஸில் முதலுதவி செய்யும் ஈஎம்டி பயிற்சி எடுக்கலாம். ரைஸ், ஜார்ஜ்டவுன், கார்னெல் போன்ற இடங்களில் மாணவர்களே கேம்பஸில் அவசர மருத்துவ சேவை நடத்துகிறார்கள். முதியோர் இல்லத்தில் நர்ஸிங் உதவியாளர் வேலை இன்னும் கடினம், இன்னும் மதிப்பு. இந்த வேலைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் பெயர் தேவையில்லை. பெரிய நகரமும், ஒரு பழைய காரும், மாலையில் நான்கு மணி நேரமும் இருந்தால் போதும். டாலஸில் மூன்றும் உங்களிடம் இருக்கின்றன.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. ஃப்ரிஸ்கோ ஹனுமான் கோயிலில் வாராவாரம் பார்க்கும் கார்டியாலஜிஸ்ட் மாமா ஷேடோயிங்குக்கு (டாக்டர் பின்னால் நடந்து அவர் வேலையைப் பார்ப்பதற்கு) அழைத்துப் போவார், அதில் தவறில்லை. ஆனால் அவரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்காதீர்கள். "சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த பெண்" என்று ஆரம்பிக்கும் கடிதத்தைக் குழுவில் யாரும் இரண்டாவது பத்திக்கு மேல் படிப்பதில்லை. நாற்பது மணி நேரம் அவர் பின்னால் நடப்பதைவிட, ஏழைகளுக்கான இலவச கிளினிக்கில் வருடம் முழுக்க வாரம் ஒரு மாலை இருப்பது எடை கூடியது.

ஆராய்ச்சிதான் ஹாப்கின்ஸின் கோட்டை, ஒப்புக்கொள்கிறேன். அங்கே பரிசோதனைக்கூடங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் இளநிலை மாணவி ஒரு லேபில் என்ன செய்கிறாள் என்பது லேபின் புகழைப் பொறுத்ததல்ல. முப்பது பேர் உள்ள பெரிய லேபில் பேராசிரியரை மாதம் ஒருமுறை பார்த்தாலே அதிர்ஷ்டம். எலிக்கூண்டையும் பைப்பெட் டப்பாவையும் நிரப்பிவிட்டு இரண்டு வருடம் ஓடிவிடும். கடிதத்தை எழுதுவது பிஎச்டி முடித்து அங்கே வேலை பார்க்கும் போஸ்ட்டாக், கையெழுத்துதான் பேராசிரியருடையது. யூடி டாலஸில் 'க்ரீன் ஃபெலோஷிப்' என்று ஒன்று இருக்கிறது, ஏனோ நம் பெற்றோர் பலருக்குத் தெரியவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் ஒரு செமஸ்டர் முழுவதும் யூடி சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையத்தில் முழு நேர ஆராய்ச்சி செய்கிறார்கள். சவுத்வெஸ்டர்ன் நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானிகள் இருக்கும் இடம். கொலஸ்ட்ரால் ஆராய்ச்சிக்காக 1985இல் பரிசு பெற்ற பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் அங்கேதான் அந்த வேலையைச் செய்தார்கள். நீங்கள் தேடும் ஹாப்கின்ஸ் தரம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பெயர் இல்லாத இடத்திலிருந்து என்ன சாதிக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு பால்டிமோரையே காட்டலாம். ஹாப்கின்ஸிலிருந்து கொஞ்ச தூரத்தில், புறநகரில் யூஎம்பிசி என்ற மேரிலாந்து மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1980களின் கடைசியில் அங்கே மேயர்ஹாஃப் ஸ்காலர்ஸ் என்ற திட்டம் தொடங்கினார்கள். முதல் வருடத்துக்கு முந்தைய கோடையிலேயே பிள்ளைகளை வரவழைத்துக் குழுவாகப் படிக்கப் பழக்குவது, லேபில் சேர்த்துவிடுவது, ஒருவர் சறுக்கினால் உடனே கவனிப்பது, இவ்வளவுதான். கோவிட் தடுப்பூசி ஆராய்ச்சியில் பெயர் வாங்கிய கிஸ்மேகியா கார்பெட், அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரலாக (பொது சுகாதாரத் தலைமை அதிகாரியாக) இருந்த ஜெரோம் ஆடம்ஸ், இருவரும் அங்கே படித்தவர்கள். நியூ ஆர்லியன்ஸில் உள்ள சேவியர் பல்கலைக்கழகமும் இப்படித்தான்: சின்ன கத்தோலிக்கக் கல்லூரி, பெரிய நிதி கிடையாது, ஆனால் கறுப்பின மாணவர்களை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவதில் பல ஆண்டுகள் நாட்டிலேயே முன்னணி. வடிகட்டி வெளியே தள்ளுவதற்குப் பதில் கூட்டிக்கொண்டு போகும் இடங்கள் இவை. நீங்கள் கேம்பஸ் கேம்பஸாகப் போய்த் தேட வேண்டியது இந்தக் குணத்தைத்தான். வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், பொமோனா போன்ற சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளிலும் அது கிடைக்கும். அங்கே முதுநிலை மாணவர்கள் பெரும்பாலும் இல்லாததால் பேராசிரியர் நேரடியாக உங்கள் பிள்ளையோடுதான் ஆராய்ச்சி செய்தாக வேண்டும். உங்கள் பட்டியலில் அவை இல்லாததால் விட்டுவிடுகிறேன்.

டெக்சாஸ்காரர்களுக்கு இன்னொரு பெரிய சாதகம். மாநில அரசின் மருத்துவக் கல்லூரிகளில் குறைந்தது 90 சதவீத இடங்கள் டெக்சாஸ் வாசிகளுக்கே என்று சட்டம் இருக்கிறது. சவுத்வெஸ்டர்ன், கால்வெஸ்டன், ஹூஸ்டன், சான் அன்டோனியோ, 2016இல் ஆஸ்டினில் வந்த டெல், 2023இல் டைலரில் வந்த புதியது என்று வரிசையாக இருக்கின்றன. கட்டணமும் தனியார் மருத்துவக் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. கலிஃபோர்னியாவில் இருக்கும் உங்கள் நண்பர்களைக் கேளுங்கள், வயிறெரிவார்கள். மகள் பால்டிமோருக்குப் போனாலும், நீங்கள் இங்கேயே இருக்கும்வரை இந்த உரிமை பொதுவாகப் போய்விடாது. ஆனால் டெக்சாஸ் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் முறையே தனி. உள்ளூர் ஆலோசகர்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு, வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்கு அப்படி இருக்காது.

பணத்துக்கு வருவோம். ஹாப்கின்ஸில் தங்கும் செலவோடு சேர்த்து வருடத்துக்குச் சுமார் 90,000 டாலர், நான்கு வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல். (முன்னாள் மாணவரான கோடீஸ்வரர் ப்ளூம்பெர்க் 2018இல் தந்த 180 கோடி டாலரால் அங்கே நிதியுதவி நன்றாகவே இருக்கிறது. உங்கள் வருமானம் பாதியாக இருந்திருந்தால் ஹாப்கின்ஸே மலிவாக வந்திருக்கும், என் பதிலும் மாறியிருக்கும்.) அதற்கு மேல் மருத்துவக் கல்லூரிச் செலவு, தனியார் என்றால் இன்னொரு நான்கு லட்சம் வரை. முன்பெல்லாம் மருத்துவம் படிக்க மத்திய அரசின் கிராட் ப்ளஸ் கடன் முழுச் செலவுக்கும் கிடைத்தது. 2025இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு அது கிடையாது. மருத்துவப் படிப்புக்கு வருடத்துக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர்தான் உச்சவரம்பு. மிச்சத்துக்குத் தனியார் வங்கிதான். இன்று இளநிலையில் மிச்சப்படுத்தும் பணம் அந்த இடைவெளியை அடைக்கும். இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

கேள்வியில் நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று: மகள் இங்கே பிறந்தவளா, உங்கள் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கிறாளா? இங்கே பிறந்தவள் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஹெச்-4 என்றால், கிரீன் கார்டு வரிசை நகராவிட்டால், 21 வயதில் அவள் உங்கள் விசாவிலிருந்து விழுந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். சரியாக விண்ணப்பிக்கும் காலத்தில் வந்து நிற்கும். கிரீன் கார்டு இல்லாதவர்களைப் பல மருத்துவக் கல்லூரிகள் எடுப்பதே இல்லை, எடுக்கும் சில தனியார் கல்லூரிகள் கட்டணத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கச் சொல்லும், மத்திய அரசுக் கடனும் கிடையாது. சேர்கிறவர்களில் இவர்கள் மிகச் சிலர்தான். கோடை ஆராய்ச்சியிலும் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் திட்டங்கள் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். அப்படியானால், தன் சொந்தப் பணத்தில் மாணவர்களுக்குக் கோடை ஆராய்ச்சிக்கு உதவும் பல்கலைக்கழகமாகப் பார்க்க வேண்டும். இந்த நிலையில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசாமல் மே 1ஆம் தேதி எந்தக் கல்லூரிக்கும் பணம் கட்டாதீர்கள்.

ஆஸ்டினை இரண்டாவதாக வைத்தேனே? ஸ்காலர்ஷிப் இல்லாதது ஒன்று, பிரீ-மெட் கூட்டம் ஏராளம் என்பது இன்னொன்று. ஆனால் அங்கே ஹானர்ஸ் பிரிவு எதிலாவது அவளுக்கு இடம் கிடைத்திருந்தால் சின்ன வகுப்புகள், முன்னுரிமையோடு பாடம் பதிவு செய்வது எல்லாம் வரும். அப்போது டாலஸுக்குச் சமமாகவே வைப்பேன். வீட்டை விட்டு வெளியே இருந்து வளர வேண்டும் என்று அவள் விரும்பினால் அதையும் சாதாரணமாக ஒதுக்காதீர்கள். டாலஸ் என்று முடிவானாலும் ஹாஸ்டலில் விடுங்கள்; சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரட்டும், படிக்க வர வேண்டாம்.

ஹாப்கின்ஸ் எப்போது சரி? மகளுக்கு எம்டி-பிஎச்டி செய்து விஞ்ஞானியாக வேண்டும் என்ற ஆசை இப்போதே இருந்து, பள்ளியிலேயே லேபில் வேலை பார்த்திருந்து, மூன்றரை லட்சம் உங்கள் ஓய்வூதியச் சேமிப்பைத் தொடாமல் வரும் என்றால், தாராளமாக அனுப்புங்கள். எம்டி-பிஎச்டி இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டணம் இல்லை, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. செலவுக் கணக்கே வேறாகிவிடும்.

இந்த மாதம் கேம்பஸ் பார்க்கப் போகும்போது வழிகாட்டியோடு சுற்றுவதை அரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டு, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வகுப்பு முடியும் நேரம் பார்த்து வாசலில் நில்லுங்கள். நீங்கள் இல்லை, மகள். வெளியே வரும் இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம் அவளே கேட்கட்டும்: போன தேர்வில் சராசரி என்ன, பேராசிரியர் ஆஃபீஸ் அவர்ஸில் எத்தனை பேர் வருகிறார்கள், லேபில் சேர எத்தனை மின்னஞ்சல் அனுப்பினாய், உன் ரூம்மேட் இன்னும் பிரீ-மெட்தானா? அப்புறம் பிரீ-ஹெல்த் ஆலோசனை அலுவலகத்துக்குப் போய் ஓர் ஆலோசகருக்கு எத்தனை மாணவர்கள் என்றும், 3.5 ஜிபிஏ உள்ளவருக்குக் கடிதம் தருவீர்களா என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்விக்கு வழவழவென்று பதில் வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபி கெமிஸ்ட்ரியில் 5க்கு 5 வாங்கியிருக்கிறாள், அந்தப் பாடத்தைத் தாண்டிவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சில மருத்துவக் கல்லூரிகள் ஏபி கிரெடிட்டை ஏற்பதில்லை, அல்லது அதற்கு மேல்நிலைப் பாடம் ஒன்றைக் கேட்கின்றன. தாண்டாமல் எடுக்கச் சொல்லுங்கள், முதல் செமஸ்டரில் ஒரு ஏ உறுதியாகும்.